நரம்புக்குள் நிற்கும் லாரிகள்

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆயாவுக்கு முழங்கால் வலி. பிசியோ லேசர் வைக்கலாம் என்கிறார். நரம்பு கருகிப்போகுமா?"

சரியான அளவில் வைத்தால் கருகாது. வலிக்கு வைப்பது சிவப்பு ஒளி, அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், புற்றுநோய் வருமா என்று பார்க்க, மயிர் சிரைத்த எலிகள் மேல் லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, மயிர்தான் சீக்கிரம் வளர்ந்தது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி ஒளியை உறிஞ்சி, செல்லின் எரிபொருளான ஏடிபியைக் கூட்டுகிறது என்பது இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம்.

சரி, வலி எப்படிக் குறைகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பாதத்து வலியைச் சுமக்கும் நரம்புச் செல்லின் உடல் இடுப்புக்கருகே முதுகெலும்பு ஓரம் இருக்கிறது. வால் போன்ற அதன் இழை மட்டும் கால்விரல் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர். வாலுக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி மேலேதான் தயாராகிறது. அதைக் கைனசின் என்ற புரதம் செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழாய்மேல் நடந்தே கொண்டுபோகிறது. ஓர் அடி 8 நானோமீட்டர், அடிக்கு ஓர் ஏடிபி செலவு. கால்விரல் சேர 12.5 கோடி அடி! நிற்காமல் நடந்தால் இரண்டரை நாள்.

2007இல் சிட்னி ஆய்வாளர்கள் எலியின் நரம்புச் செல்கள்மேல் 830 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினார்கள். ஏடிபி தயாரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் இறங்கியது, சரக்கு நின்றது. டோங்காட் பக்கம் ஒரு கரும்பு லாரி நின்றால் பின்னால் வரிசை கட்டுமே, அப்படி மைட்டோகாண்ட்ரியா ஆங்காங்கே குவிந்து, இழை மணிமணியாக வீங்கியது. வலிச்செய்தி அனுப்பும் மெல்லிய நரம்புகள் இப்படித்தான் தளர்கின்றன என்பது அவர்கள் கருத்து. 24 மணி நேரத்துக்குள் வீக்கம் வற்றிவிட்டது.

ஆக, கொஞ்சம் ஒளி தெம்பு தருகிறது, கூடினால் முடக்குகிறது. இந்த அளவைச் சரியாகக் கண்டுபிடிக்க அரசுப் பணம் வேண்டும், கருவி விற்பவரின் பணம் போதாது. தேய்ந்த மூட்டை வளர்க்கும் 'குவாண்டம் லேசர்' என்று விற்பதெல்லாம் மந்திரித்த தாயத்துக்கு பிளக் மாட்டிய கதை.

கண்தான் பெரிய ஆபத்து. அகச்சிவப்பு தெரியாததால் இமை தானாக மூடாது, விழித்திரை பொசுங்கும். வைப்பவர், படுத்திருப்பவர் இருவருக்கும் அதற்கான கண்ணாடி வேண்டும். புற்றுக்கட்டிமேலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் வைக்கக் கூடாது. அரை வாட்டுக்கு மேற்பட்ட கருவி சுடும். கறுத்த தோலில் மெலனின் ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் நமக்குச் சீக்கிரமே சுடும். ஒரே இடத்தில் பிடிக்காமல் நகர்த்தச் சொல்லுங்கள். அப்புறம், ஆயாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கால் மரத்திருந்தால் சூடு உறைக்காது, அதைப் பிசியோவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.