'உரிமம் பெறாத அலைக்கற்றை' என்பது பிழை

ஆங்கிலத்தின் 'அன்லைசென்ஸ்டு ஸ்பெக்ட்ரம்' (unlicensed spectrum) என்பதை மொழிபெயர்த்து, வைஃபை "உரிமம் பெறாத அலைக்கற்றையில்" இயங்குவதாக மறுபடியும் ஒரு தமிழ்ச் செய்தி. மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் இதைப் படிக்கிறவருக்கு லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டிப் போலீசில் சிக்குவதுதான் நினைவுக்கு வரும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் குற்றவாளியா?

வானொலி அலைகளின் அலைவெண் தொகுப்பைக் குறிக்கும் 'அலைக்கற்றை' என்ற சொல்லில் குறையில்லை. மூலச்சொல்லான ஸ்பெக்ட்ரம் லத்தீனில் 'தோற்றம்'. நியூட்டன் அதை ஒளியின் நிறப்பட்டைக்குச் சூட்டினார், பிறகு வானொலி அலைகளுக்கும் வந்தது. ஒளிக்கு நிறமாலை, இதற்கு அலைக்கற்றை.

கோளாறு 'பெறாத' என்பதில். பெற வேண்டியதைப் பெறாமல் விட்டதையே அது சொல்லும். இங்கே பெற வேண்டியதே இல்லை! அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் (FCC) 1985இல் சில அலைவெண் பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. வைஃபை அங்கே வளர்ந்தது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் இத்தகைய ஒதுக்கீட்டுக்கு இடம் தருகிறது. ஆங்கிலத்தில் 'class assignment' எனப்படும் அதை 'வகுப்பு ஒதுக்கீடு' என்றால் சாதிவாரி இட ஒதுக்கீடு என்றல்லவா காதில் விழுகிறது? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் 'கட்டற்ற அலைக்கற்றை' என்கிறார்கள். எனக்கும் தனித்தமிழ் உயிர்தான். ஆனால் பொய் சொல்லும் தூய சொல் எதற்கு? கட்டு இருக்கிறது. எந்த அலைவெண், எவ்வளவு ஆற்றல் என்று வரம்பு உண்டு. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. நமக்கு இடையூறு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'உரிமம் வேண்டாத' என்பதும் சரியில்லை, வேண்டாத விருந்தாளி எட்டிப் பார்க்கிறார்.

'பொது அலைக்கற்றை' என்பதே என் முடிவு. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்த பொதுக் குழாயில் யாருக்கும் தனியுரிமை இல்லை, முறை மட்டும் உண்டு. சட்ட ஆவணத்தில் துல்லியம் வேண்டுமென்றால் 'தனி உரிமம் தேவைப்படாத' என்று விரித்து எழுதலாம்.

6 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் கைப்பேசி நிறுவனங்களுக்குக் கொடுப்பதா, வைஃபைக்கு விடுவதா என்று நாடுகள் வாதாடுகின்றன. அதைப் பொதுவில் விடக் கேட்பவர்களைத் தமிழ்ச் செய்தி சட்டத்தை மீறச் சொல்பவர்களாகக் காட்டினால், நம் மக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்?