பிட்மேப்பை ‘பிட் வரைபடம்’ ஆக்காதீர்கள்

அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் ஓஎல்இடி வகைக் குட்டித் திரையை இணைத்துப் படம் காட்டச் சொல்லித் தருகிறவர்கள், “முதலில் படத்தை பிட் வரைபடமாக மாற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்கும் ‘பிட்மேப்’பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

‘பிட்’ என்பது ‘பைனரி டிஜிட்’டின் சுருக்கம், அதாவது 0 அல்லது 1. கணிதவியலாளர் ஜான் டியூக்கி சுருக்கியது, தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன் 1948 கட்டுரையில் அச்சேற்றியது. ‘மேப்’புக்கு மூலம் துணியைக் குறிக்கும் லத்தீன் ‘மாப்பா’. பழைய உலகப் படங்களைத் துணியில் தீட்டியதால் வந்த பெயர். அது அங்கேயே இருக்கட்டும். நம் சொல்லில் இருப்பது கணிதக்காரர்களின் ‘மேப்’: இந்தப் புள்ளிக்கு இந்த பிட் என்று பொருத்தி வைப்பது.

எஸ்எஸ்டி1306 என்ற சில்லு இயக்கும் 128×64 திரையில் 8192 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட் ஒரு பைட், ஆக 1024 பைட். (அர்டுயினோ ஊனோ பலகையின் 2048 பைட் நினைவகத்தில் பாதி அதற்கே போய்விடும்.) அந்தச் சில்லு ஒரு பைட்டை மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளிகளுக்குப் பிரித்துக்கொள்கிறது. இந்தத் திரைகளுக்காக அடாஃப்ரூட் நிறுவனம் தரும் நிரல்தொகுப்பின் ‘டிராபிட்மேப்’ கட்டளையோ இடமிருந்து வலமாக எட்டுப் புள்ளிகள் என்று எதிர்பார்க்கிறது. வரிசையை மாற்றிக் கொடுத்தால் படம் சிதறிப்போகும். பொருத்தம்தான் எல்லாம்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் வரைபடம் என்றால் ஒன்று இந்திய வரைபடம், இல்லை கணக்கு நோட்டின் எக்ஸ், ஒய் அச்சு. இரண்டும் கோடுகளால் ஆனவை. கோடுகளாகப் படத்தைச் சேமிக்கும் முறை கணினியில் உண்டு, அதன் பெயர் வெக்டர். பிட்மேப் அதற்கு நேர் எதிர்; அதில் கோடு என்ற ஒன்றே கிடையாது, கோடு போலத் தெரிவதும் அடுத்தடுத்த புள்ளிகள்தான். ஆக, இந்த மொழிபெயர்ப்பு பொருளைத் தவறவிடுவதோடு நிற்கவில்லை, எதிராளியின் பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. பாதிக்கு மேல் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மீதிக்கு மட்டும் அகராதியைப் புரட்டினால் இப்படித்தான் ஆகும்.

‘இருமப் படம்’ பரவாயில்லை. கருப்பு வெள்ளைத் திரைக்குச் சரியாகவே பொருந்தும். ஆனால் பிஎம்பி என்ற படக் கோப்பில் ஒரு புள்ளிக்கு 24 பிட் வைத்து வண்ணமும் சேமிக்கிறார்கள், அங்கே இந்தச் சொல் நொண்டும். ‘பிட்டுப் படம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய தியேட்டர் வாசல்களில் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் தேர்வு ‘புள்ளிப்படம்’. ஒரு பிட்டோ 24 பிட்டோ, இரண்டுக்கும் நிற்கும், கேட்டவுடன் புரியும். ஒரு குறை உண்டு. கணினியின் சேமிப்பு வட்டில் எந்த இடம் காலி என்று குறித்து வைக்கும் பிட் வரிசைக்கும் பிட்மேப் என்றே பெயர், அதில் படமே இல்லை. அங்கே ‘பிட் அட்டவணை’ என்று சொல்லிவிடலாம். தூய தமிழ் கிடைக்காத இடத்தில் ‘பிட்மேப்’ என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

இதே ஆட்கள் ‘டிதரிங்’கை ‘நடுக்கம்’ ஆக்குகிறார்கள். சாம்பல் நிறப் புள்ளியைக் கருப்பு அல்லது வெள்ளை என்று முடிவு செய்யும்போது வரும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு போடுவது டிதரிங்கில் ஒரு வகையான ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க் முறை. வலப்பக்கத்துக்கு 16-இல் 7, நேர் கீழே 5, அதன் இருபுறமும் 3, 1. இதில் எது நடுங்குகிறது? ‘புள்ளித் தூவல்’ என்றால் செய்கிற வேலையாவது தெரியும். அப்புறம் எஸ்எஸ்டி1306-இன் ‘பேஜ்’. எட்டு வரிசை உயரமுள்ள கிடைமட்டத் துண்டு அது, திரைக்கு எட்டு உண்டு. ‘பக்கம்’ என்று எழுதினால் படிக்கிறவர் ஒவ்வொன்றையும் ஒரு முழுத்திரை என்று எண்ணிக்கொள்வார். ‘பட்டை’ என்று எழுதுங்கள். தரவுத்தாளைப் புரட்டுகிறவர்களுக்காக ‘பேஜ்’ என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.