டம்பல் செய்யப் போய் மண் அள்ளின கதை

"தம்பி, தோள் இப்ப பரவாயில்ல, ஆனா மணிக்கட்டு போட்டுது."

வெள்ளவத்தையில மெரைன் டிரைவ் பக்கம் நாலாம் மாடியில இருக்கிற ஒரு அன்ரி சொன்னது. அவா சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா, எனக்குத்தான் சிரிப்பு வரேல்ல, ஏனெண்டா அந்த மணிக்கட்டைக் கெடுத்தது நான்.

நான் பிசியோதெரபிஸ்ட், கொழும்பில கிளினிக்கிலயும் வேலை, வீடுகளுக்கும் போறனான். அன்ரிக்கு 68 வயசு, சீனி வருத்தம் இருக்கு, அதோட ஃபுரோசன் ஷோல்டர் வந்து தோள் இறுகிப் போச்சு, சீனி வருத்தக்காரருக்கு இது மற்றாக்களை விடக் கூட வாறது. ஒரு வருஷமாத் தலை இழுக்கக் கூடக் கை மேல போகாம இருந்து, பிறகு மெல்ல மெல்ல அசைவு திரும்பி, இனிப் பலம் ஏத்துவம் எண்ட கட்டத்தில எல்லாரும் சொல்லுற மாதிரி நானும் சொல்லிப்போட்டு வந்தன், "ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் ஒண்டை வைச்சுச் செய்யுங்கோ அன்ரி, அது ஒரு கிலோதானே". கணக்கு சரிதான். ஆனா அடுத்த கிழமை போய் அவா செய்யிறதைப் பக்கத்தில நிண்டு பாக்கேக்கதான் விளங்கிச்சு. போத்தலின்ட குறுக்களவு 8 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, அவாவின்ட கை சின்னன், பெருவிரலும் மற்ற விரலும் சந்திக்கவே இல்ல. வழுகிப் போகாம இருக்க முழுப் பலத்தையும் குடுத்து நெரிச்சுப் பிடிக்கிறா, நகமெல்லாம் வெளிறிப் போச்சு, மணிக்கட்டு ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. தோளுக்கெண்டு குடுத்த பயிற்சியில முக்கால்வாசிப் பாடு விரலுக்குத்தான்.

அப்பதான் யோசிச்சன், இவாக்கெண்டு நானே ஒரு பாரம் செய்து குடுத்தா என்ன, இதென்ன பெரிய வேலையே எண்டு. மூண்டு மாசம் இழுத்திச்சு.

முதல்ல, ஒரு கிலோ எண்டா என்னெண்டு கொஞ்சம் பாப்பம். ஒரு கதவைப் பிணைச்சலுக்குப் பக்கத்தில கை வைச்சுத் தள்ளிப் பாருங்கோ, பிறகு கைபிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கோ. அதே கதவுதான், ஆனா பிணைச்சல் பக்கம் தள்ளுறதுக்கு மூச்சு வாங்கும். எங்கட முழங்கைதான் அந்தப் பிணைச்சல், மேல்கையின்ட முன்பக்கத்தில இருக்கிற பைசெப்ஸ் தசை வந்து பிடிக்கிற இடம் அதுக்குக் கிட்ட, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். நாங்கள் பாரத்தைப் பிடிக்கிற உள்ளங்கையோ 30 சென்ரிமீற்றருக்கும் அங்கால. அதால முழங்கையை 90 பாகைக்கு மடிச்சு ஒரு கிலோவைப் பிடிச்சா தசை இழுக்க வேண்டியது 7, 8 கிலோவுக்குச் சமன், கையின்ட சொந்தப் பாரம் அதுக்கு மேல தனிய.

தோளுக்கு வந்தா இன்னும் மோசம். ஒரு ஆளின்ட ஒரு கை, தோளில இருந்து விரல் நுனி வரைக்கும், உடம்புப் பாரத்தில கிட்டத்தட்ட 5 வீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. அப்ப வெறுங்கையைப் பக்கவாட்டில நீட்டினாலே நீங்கள் 3 கிலோவைத் தூக்குறீங்கள், அந்தப் பாரத்தின்ட மையம் தோளில இருந்து ஒரு 30 சென்ரிமீற்றர் தள்ளி. இனி 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிற உள்ளங்கையில ஒரு கிலோ போத்தலை வைச்சா தோளுக்கு ஏறுற சுமை முதல் இருந்ததில மூண்டில ரெண்டு பங்கு கூடிப் போகுது. "ஒரு கிலோதானே" எண்டு லேசாச் சொல்லிப்போட்டுப் போனன் பாருங்கோ, அதுதான் இது. அதே ஒரு கிலோவை முழங்கைக்குக் கிட்டக் கட்டினா கையில அரைக் கிலோ பிடிச்ச மாதிரி. எங்க கட்டுறம் எண்டதிலதான் விசயம் கிடக்கு, எத்தினை கிலோ எண்டது பிறகு.

இதை எங்கட ஆக்கள் எப்பவோ பிடிச்சிட்டினம். கர்லாக்கட்டையைப் பாருங்கோ, பிடி மெல்லிசு, பாரம் எல்லாம் அடுத்த நுனியில, சுழட்டச் சுழட்ட தோள் அந்தத் தூரத்தோட மல்லுக்கட்ட வேணும். இந்தியாவில இதைப் பாத்த வெள்ளைக்காரப் பட்டாளம் அதைத் தங்கட ஊருக்குக் கொண்டுபோய், கடைசியில 1904லயும் 1932லயும் ஒலிம்பிக்கில கட்டை சுழட்டுறதே ஒரு போட்டியா இருந்திருக்கு. நாங்கள் கிளினிக்கில இதே வேலையைச் சுத்தியலை வைச்சுச் செய்யிறம், முன்னங்கையைத் திருப்பிற பயிற்சிக்கு. இரும்புத் தலைக்குக் கிட்டப் பிடிச்சா லேசு, பிடியின்ட நுனிக்குப் போகப் போகக் கஸ்டம். ஒரே சுத்தியல், பாரம் ஒரு கிராம் கூட மாறேல்ல. வீட்டில சும்மா எடுத்துச் சுத்திப் பாக்காதேங்கோ, பக்கத்தில பிள்ளையள் நிக்குங்கள்.

சரி, என்ட டம்பலுக்கு வருவம். பழைய சோனகத் தெருவுக்குப் போய் 32 மில்லிமீற்றர் பிவிசி குழாய் வாங்கினன், ஏனெண்டா பிடிக்க அந்தத் தடிப்பு நல்லா வரும், விரல் சுத்தி வந்து பெருவிரலைத் தொடும். பாரம் தூக்குற போட்டிகளில ஆம்பிளையளின்ட கம்பி 28 மில்லிமீற்றர், பொம்பிளையளுக்கு 25, ஆனா வருத்தமுள்ள விரலுக்கு அது மெல்லிசு, நெரிக்கச் சொல்லும். கடைக்கார அண்ணை "என்னத்துக்குத் தம்பி, பைப் லைன் போடவோ" எண்டு கேட்டார், டம்பல் செய்ய எண்டு சொன்னன், ஒரு மாதிரிப் பாத்தார். வீட்டை கொண்டுவந்து 15 சென்ரிமீற்றர் துண்டா வெட்டி, மணலை நிரப்பி, குசினித் தராசில வைச்சா... 200 கிராம் கூட வரேல்ல. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. பிறகுதான் கணக்குப் பாத்தன், காஞ்ச மணல் ஒரு லீற்றர் ஒண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, இரும்பு ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 8 கிலோ. ஒரு கிலோ இரும்பு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள அடங்கும், ஒரு கிலோ மணலுக்கு ஒரு பெரிய சொம்பு வேணும். டம்பலை ஏன் இரும்பில செய்யிறாங்கள் எண்டு படிச்ச மனிசனுக்கு இவ்வளவு காலமும் விளங்காமக் கிடந்திருக்கு.

விடேல்ல நான். ரெண்டு பக்கமும் பெரிய குழாய்த் துண்டு மாட்டி ஒரு கிலோ ஆக்கினன், நீளம் 35 சென்ரிமீற்றர் வந்திட்டுது, மடக்கேக்க விலாவில இடிக்குது. அதை விடுங்கோ, மூண்டாம் நாள் வீட்டில நானே தூக்கிப் பாக்கேக்க மூடி கழண்டு முழு மணலும் தலையில இருந்து சோபா வரைக்கும். பிவிசி கம் பூசேக்க மூட்டில மணல் தூசு இருந்திருக்கு, கம் பிடிக்கேல்ல, அவ்வளவுதான் காரணம். அம்மா விளக்குமாத்தோட வந்து நிண்டவா, என்ன சொன்னவா எண்டு இங்க எழுதேலாது. நல்ல காலம் அது அன்ரியின்ட கையில நடக்கேல்ல. இது கைவேலைக்காரன்ட பிழை மட்டும் எண்டும் நினையாதேங்கோ, 2025 ஜூன்ல அமெரிக்காவில பாரத் தட்டை மாத்திற வகை டம்பல் கிட்டத்தட்ட 38 இலட்சத்தைத் திருப்பி எடுத்தவை, தூக்கேக்க தட்டு கழண்டு விழுகுது எண்டு. அதால பாரம் மாத்திற டம்பல் வீட்டில வைச்சிருந்தா, ஒவ்வொரு முறையும் தூக்க முதல் மேசைக்கு மேலயே கொஞ்சம் உயர்த்தி ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கோ, தலைக்கு மேல போன பிறகு பாத்துப் பிரயோசனம் இல்ல.

மணலில இன்னொரு கூத்தும் இருக்கு. குழாயை விட்டுப் பையில கட்டிப் பாத்தன், முதல் அள்ளின மணல் ஈரமா இருந்திருக்கு, பைக்குள்ள போட்டு சரியா ஒரு கிலோ நிறுத்து வைச்சது ரெண்டு கிழமையால 900 சொச்சமாப் போச்சு, பை வேற பூஞ்சணம் பிடிச்சு மணக்குது. மணலைச் சட்டியில வறுத்து ஆறவிட்டுத்தான் கட்ட வேணும். எங்கட குசினியில ஒரு சட்டி அதோட போச்சு.

"மணலை விடும், ஈயக் குண்டு போடும், சின்னதா வடிவா வரும்" எண்டு ஒருத்தர் சொன்னார், மீன் வலைக்குக் கட்டுற ஈயம். உண்மைதான், ஈயம் இரும்பை விடப் பாரம். ஆனா தயவுசெய்து வேண்டாம். துணிப் பைக்குள்ள குண்டு ஒண்டோட ஒண்டு உரஞ்சி உரஞ்சி தூள் வரும், தையலால வெளிய வரும், கையில ஒட்டும், அந்தக் கையால சாப்பிடுவம், பேரப்பிள்ளை எடுத்து வாயில வைக்கும். ஈயம் சின்னப் பிள்ளையளின்ட மூளை வளர்ச்சிக்கு நஞ்சு, கொஞ்சமெண்டாப் பரவாயில்ல எண்ட கதையே அதில இல்ல. கை காலில கட்டுற பழைய பாரப் பை ஒண்டு தையல் விட்டு சாம்பல் நிறக் குண்டு தெரியுதெண்டா தைச்சுப் பாவிக்க வேண்டாம்.

கடைசியில வந்தது டம்பலே இல்ல. 15 சென்ரிமீற்றர் குழாய்த் துண்டு, உள்ளுக்கு வெறுமை, வெளியால சைக்கிள் ரியூப் வெட்டிச் சுத்தினது. கொழும்பு வெக்கைக்கு ஸ்பொஞ்ச் சுத்தினா ஒரு மாசத்தில வேர்வை குடிச்சு நாறும், நிக்கல் பூசின கம்பி வழுகும், மெரைன் டிரைவ் கடல் காத்துக்கு ஒரு வருஷத்தில துருவும் பிடிக்கும், ரியூப்புக்கு அந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல. குழாயின்ட ரெண்டு நுனியில இருந்தும் புறங்கைக்கு மேலால ஒரு பட்டி போகுது, அதால விரலை விரிச்சாலும் சாமான் விழாது, நெரிச்சுப் பிடிக்கவே தேவையில்ல. பாரம் முழுக்க முன்னங்கையில சுத்திக் கட்டுற டெனிம் பட்டியில, அதில நாலு பொக்கற், ஒவ்வொண்டிலயும் பொலித்தீனில ரெண்டு தரம் சீல் பண்ணின 250 கிராம் மணல். வெள்ளவத்தையில எனக்குத் தெரிஞ்ச ரெயிலர் அண்ணை ஒருத்தர்தான் தைச்சுத் தந்தவர், நாலு தரம் பிரிச்சுத் தைச்சும் முகம் சுழிக்கேல்ல.

250 கிராம் ஏனெண்டு கேட்டா, கடையில டம்பல் கனக்க இடத்தில ஒரு கிலோவில இருந்து ரெண்டு கிலோவுக்குப் பாயும். இளந்தாரிக்கு அது ஒண்டுமில்ல, 68 வயசுக் கைக்குப் பிடிக்கிற பாரம் ஒரேயடியா ரெண்டு மடங்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில காயப்பட்ட ஆமிக்காரரின்ட தசையைத் திருப்பிக் கொண்டுவர டிலோர்ம் எண்ட அமெரிக்க ஆமி டொக்டர் செய்ததை 1945ல எழுதினவர், 10 தரம் மட்டும் தூக்கேலுமான பாரம் எதெண்டு பாத்து அதில இருந்து கணக்குப் போட்டு, பலம் கூடக் கூடப் பாரத்தையும் ஏத்துறது. நாங்கள் இண்டைக்கும் அந்த வழியிலதான் போறம், ஆனா படி உயரமா இருந்தா ஏறேலாதுதானே. அன்ரிக்கு முதல் ரெண்டு கிழமை ஒரே ஒரு பொக்கற், அதுவும் முழங்கைக்குக் கிட்ட. பிறகு அதே பொக்கற் மணிக்கட்டுக்கு. பிறகு ரெண்டாவது, திரும்ப முழங்கைப் பக்கத்தில இருந்து.

பாரிசவாதம் வந்து கைப்பிடி இல்லாத ஒரு ஐயாவுக்கும் இதே மாதிரி ஒண்டு செய்தன், அங்கதான் என்ட அடுத்த பிழை. பட்டியை நல்லா இறுக்கி பக்கிள் போட்டு வைச்சிட்டன், அவருக்கு ஒரு கைதானே வேலை செய்யுது, தானாக் கழட்டேலாம மனிசி வரும்வரைக்கும் அதோட இருந்திருக்கிறார். கை வீங்கினாலும் தெரியாது, அந்தப் பக்கம் உணர்வும் குறைவு. இப்ப வெல்க்ரோ, நுனியில ஒரு வளையம், நல்ல கையின்ட ஒரு விரலைக் கொழுவி இழுத்தாக் கழரும்.

2025ல கொழும்பில சிக்குன்குனியா பரவின நேரமும் இது உதவிச்சு. காய்ச்சல் விட்டு மாசக்கணக்கா விரலும் மணிக்கட்டும் நொந்துகொண்டு கன பேர் வந்தவை, தேத்தண்ணிக் கோப்பையே பிடிக்க ஏலாத கைக்கு டம்பல் குடுத்து என்ன செய்யிறது.

பாவிக்கிற முறை பற்றி ரெண்டு சொல்லு. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதேங்கோ, பிரஷர் ஏறும், வாய்விட்டு எண்ணுங்கோ, எண்ணினா மூச்சு தானா வரும். அடுத்த நாள் காலமையும் நோ முந்தியை விடக் கூட இருந்தா ஒரு பொக்கற்றைக் குறையுங்கோ. கிழமையில ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் குடுக்கிற பயிற்சி செய்யச் சொல்லித்தான் உலக சுகாதார ஸ்தாபனமும் 2020 வழிகாட்டலில சொல்லுது, வயசு போனாக்களுக்கும் சேத்துத்தான். தோள் சத்திரசிகிச்சை செய்தாக்கள், எலும்பு முறிஞ்சு புதுசாப் பொருந்தினாக்கள் இதை வாசிச்சிட்டுத் தானாத் தொடங்கவேண்டாம், உங்களைப் பாக்கிற ஆளைக் கேளுங்கோ. சாமானை நிலத்தில வைக்காம மேசை உயரத்தில வையுங்கோ, குனிஞ்சு எடுக்கப் போய் நாரி பிடிச்சா அதுக்கு வேற நான் வரவேணும்.

போன மாசம் அன்ரியைப் பாக்கப் போனன். தலை தானே இழுத்து, கொண்டையும் தானே போட்டிருந்தா. பட்டியைப் பாத்தா நாலு பொக்கற்றில ஒண்டு வெறுமை, மணல் பையைக் காணேல்ல. எங்கயெண்டு தேடினா பல்கனிக் கதவடியில, கடல் காத்துக்குக் கதவு அடிபடாம இருக்க முட்டுக் குடுத்து வைச்சிருக்கிறா.

"கதவுக்கு இது காணாது தம்பி," எண்டா, "கொஞ்சம் பாரமா இன்னும் ரெண்டு தைப்பிச்சுத் தாரும்."