வரைவு விதிக்கு ஆட்சேபணை அனுப்புவது எப்படி?

சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுகிறது. கட்டணம் எவ்வளவு, எந்தப் படிவம், எத்தனை நாள் அவகாசம், யாருக்கு விலக்கு என்பதையெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சகம் போடும் விதிகளே முடிவு செய்கின்றன. பல முக்கிய விதிகள் இறுதியாகும் முன் அவற்றின் வரைவு அரசிதழிலும் அமைச்சகத்தின் இணையதளத்திலும் வெளியாகும். அதில் தரப்படும் அவகாசத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணையோ ஆலோசனையோ அனுப்பலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது மூலச் சட்டத்தை, அதாவது எந்தச் சட்டத்தின் கீழ் விதி வருகிறதோ அதை. ‘வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பிறகே விதி செய்ய வேண்டும்’ என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-வது பிரிவில் இருக்கிறது. இருந்தால் 1897-ம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், பிரிவு 23 பொருந்தும். அதன்படி அரசு வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குப் பிறகு அதைப் பரிசீலிக்கும் என்று அறிவிக்க வேண்டும், அதற்கு முன் வந்து சேர்ந்த ஆட்சேபணைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். இது சட்டக் கடமை.

மூலச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லையென்றால், கையில் இருப்பது 2014 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த முன்-சட்டக் கலந்தாய்வுக் கொள்கை மட்டுமே. வரைவை குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது அது. நல்ல கொள்கைதான். ஆனால் அது சட்டம் அல்ல என்பதால், அமைச்சகம் அதைப் பின்பற்றாதபோது கட்டாயப்படுத்துவது கடினம். இதைச் சட்டமாக்காமல் விட்டிருப்பது பெரிய குறை.

வரைவைத் தேட மத்திய அரசின் இ-கெஜட் தளத்துக்குப் போங்கள். 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் இணையத்தில் மட்டுமே வெளியாகிறது. அமைச்சகத்தின் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். விதிகள் பெரும்பாலும் ‘அசாதாரண’ (எக்ஸ்ட்ராஆர்டினரி) இதழில், பகுதி 2, பிரிவு 3-ல் இருக்கும். ஜி.எஸ்.ஆர். என்று தொடங்கும் எண் விதிகளுக்கு, எஸ்.ஓ. என்பது ஆணைகளுக்கும் அறிவிக்கைகளுக்கும். கோப்பைத் திறந்ததும் இந்தியைப் பார்த்து மூடிவிடாதீர்கள். ஆங்கில வடிவம் அதே கோப்பின் பின்பாதியில் இருக்கும்.

முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வரைவு வருகிறது, எத்தனை நாள் அவகாசம், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதிகம் பேர் தவறுவது நாள் கணக்கில். அவகாசம் பொதுவாக அறிவிக்கையில் கையெழுத்தான தேதியிலிருந்து ஓடாது, அரசிதழ் பொதுமக்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும். 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவில், எஸ்.ஓ. 1199, உள்ளே இருந்த தேதி மார்ச் 23. அரசிதழில் வெளியானதோ ஏப்ரல் 11. முதல் பக்கத்தின் மேலே சி.ஜி.-டி.எல்.-இ என்று தொடங்கும் அடையாள எண்ணில் வரும் எட்டு இலக்கங்கள் வெளியீட்டு தேதியைக் காட்டும். 11042020 என்றால் 2020 ஏப்ரல் 11. இன்னொன்று: கடைசி நாளுக்குள் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தபாலில் போட்டிருந்தால் மட்டும் போதாது.

அதே வரைவுதான் மொழிப் பிரச்சினையையும் வெளியே கொண்டுவந்தது. கொரோனா ஊரடங்கில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்த வரைவுக்கு 60 நாள் எப்படிப் போதும் என்று வழக்குப் போடப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது. வரைவு தமிழில் இல்லையென்றால், மொழிபெயர்ப்பும் கூடுதல் அவகாசமும் கேட்டு முதல் வாரத்திலேயே எழுதுவது நல்லது. கடைசி நாளில் கேட்டால் பயன் குறைவு.

திருத்த விதி என்றால் வரைவை மட்டும் படித்தால் ஒன்றும் புரியாது. ‘இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்’ என்றுதான் இருக்கும். நடப்பு விதியைப் பக்கத்தில் வைத்து, மாற்றத்தை அதில் எழுதிப் பாருங்கள்.

ஆட்சேபணைக் கடிதத்தில் ‘இந்த விதியை எதிர்க்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் ஒரு எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். விதி எண், வரைவில் உள்ள வாசகம், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்குப் பதிலாக நீங்கள் சொல்லும் வாசகம், இவற்றை வரிசையாகக் கொடுங்கள். ‘ஏழு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை முப்பது நாள் என மாற்றுக’ என்று எழுதினால் அதிகாரி அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சில அரசு அமைப்புகள் இதற்கெனப் படிவம் தரும். தந்தால் அதிலேயே அனுப்புங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் அரசிதழ் எண்ணைப் போடுங்கள். அவர்களின் அஞ்சல்பெட்டி நிரம்பி மின்னஞ்சல் திரும்பி வந்தால், அந்தத் திரும்பிய செய்தியைச் சேமித்துவிட்டு, விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

அனுப்பியது வெளியே தெரியுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வந்த கருத்துகளைத் தன் தளத்தில் போட்டு, அவற்றுக்கு எதிர்க்கருத்தும் கேட்கிறது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய முறை இது. 2025 ஜனவரி 3-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு மத்திய அரசின் மைகவ் தளம் வழியாகக் கருத்து கேட்டார்கள். ஆனால் அவற்றை யாரிடமும் வெளியிட மாட்டோம், பெயரில்லாத சுருக்கம் மட்டும் பின்னர் வரும் என்று அறிவித்தார்கள். அதனால் உங்கள் நகலை நீங்களே பத்திரப்படுத்துங்கள்.

இறுதி விதி அரசிதழில் வந்துவிட்டால், பொதுப் பிரிவுகள் சட்டத்தின் பிரிவு 23-ன்படி அது முறையாகச் செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. பிறகு நடைமுறைக் குறை சொல்லி வெல்வது சிரமம். இருந்தாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வந்த ஆட்சேபணைகளின் சுருக்கத்தையும் அவற்றைப் பரிசீலித்த கோப்புக் குறிப்பின் நகலையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். விதிகளை ஆராய மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் சார்நிலைச் சட்டங்களுக்கான குழு இருக்கிறது. அந்த நகல்களை இணைத்து அந்தக் குழுக்களுக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதலாம்.