போகும்போது செலவழித்தது திரும்பும்போது கிடைக்காது: பார்சலோனாவின் ஓட்டப் பாதைகளில் காற்றும் சாய்வும்

மத்தியதரைக் கடலின் வடமேற்குக் கரையில், யோப்ரெகாத், பெசோஸ் என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே, முன்னால் கடலும் பின்னால் கொல்செரோலா மலைத்தொடருமாக அமைந்திருக்கிறது பார்சலோனா. அம்மலைத்தொடரின் மிக உயர்ந்த இடமான திபிதாபோ 512 மீட்டர் உயரம் கொண்டது. கடற்கரையிலிருந்து அந்த உச்சிக்கு நேர்கோட்டுத் தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பரப்புக்குள் மணற்கரை, துறைமுகத்தை ஒட்டிய தனிக்குன்று, மலைச்சரிவில் மட்டமாகச் செல்லும் மண்பாதை, ஆற்றங்கரை என நான்கு வகை நிலங்களும் ஓடுபவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் காட்சி அழகானதுதான். ஆனால் ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் ஓடினாலும் இவை உடலிடம் கேட்கும் ஆற்றல் ஒன்றல்ல. போகும் வழியில் காற்றோ ஏற்றமோ எடுத்துக்கொண்டதைத் திரும்பும் வழி அப்படியே திருப்பித் தந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஏன் தவறு என்பதை இந்த நகரத்தின் பாதைகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முதலில் கடற்கரை. பார்சலோனெத்தா கடற்கரையில் தொடங்கி, ஒலிம்பிக் துறைமுகத்தில் நிற்கும் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரியின் பெரிய பொன்னிற மீன் சிற்பத்தைக் கடந்து, பொகதெல், மார் பெய்யா கடற்கரைகள் வழியாக ஃபோரும் என்னும் கடலோர வளாகம் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு மேடுபள்ளம் இல்லாத நடைபாதை நீள்கிறது. 1992 ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்பு இந்தக் கரையின் பெரும்பகுதியில் தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் இருந்தன. அவற்றை அகற்றி, மணல் கொட்டி, கடலை நகரத்தாருக்குத் திறந்துவிட்டது அந்தப் போட்டிகளையொட்டி நடந்த சீரமைப்பு. இன்று விடியற்காலையில் இந்தப் பாதையில் ஓடுபவர்களின் வரிசை அறுவதே இல்லை.

கோடையில் இந்தப் பாதையின் தன்மையைத் தீர்மானிப்பது காற்று. காலை வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் அப்படி ஏறுவதில்லை. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அதோடு, சூரிய ஒளி நீருக்குள் பல மீட்டர் ஆழம் வரை ஊடுருவிப் பரவுகிறது, அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்குகின்றன, ஆவியாதலும் வெப்பத்தின் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது. மண்ணிலோ மேற்பரப்பின் சில சென்டிமீட்டர்களே அத்தனை வெப்பத்தையும் வாங்கிக்கொள்கின்றன. சூடான நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து உயர்கிறது. அதனால் சில நூறு மீட்டர் உயரத்தில் நிலத்தின் மேல் அழுத்தம் சற்றே கூடி, அங்குள்ள காற்று கடல் பக்கம் வழிந்தோடுகிறது. வழிந்தோடிய அளவுக்கு நிலத்தின் மேலுள்ள காற்றின் எடை குறைவதால் தரைமட்ட அழுத்தம் சிறிதளவு தாழ்கிறது. அந்தச் சிறிய வேறுபாடே கடலிலிருந்து குளிர்ந்த காற்றைக் கரைக்கு இழுத்து வருகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுவதால் நேர்மாறாக, இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியாகவும் மெல்லிய நிலக்காற்று கடலை நோக்கி இறங்குகிறது. காலை ஏழு மணிக்கு ஓடுபவர் உணர்வது பெரும்பாலும் இந்த நிலக்காற்றின் மிச்சத்தையே.

கடற்காற்று வந்த திசையிலேயே நிலைத்து நிற்பதில்லை. பூமியின் சுழற்சியால் ஏற்படும் கொரியோலிஸ் விளைவு, வட அரைக்கோளத்தில் நகரும் காற்றை அதன் வலப்பக்கமாகத் திருப்புகிறது. பார்சலோனாவின் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீள்வது. முற்பகலில் தென்கிழக்கிலிருந்து ஏறத்தாழ நேராகக் கரையேறும் காற்று, பிற்பகல் ஆக ஆகத் தெற்கிலிருந்தும் பின்னர் தென்மேற்கிலிருந்தும் வருவதாகத் திரும்பி, கடைசியில் கரைக்கு இணையாகவே வீசத் தொடங்குகிறது. கத்தலோனிய மக்கள் கர்பி என்று அழைக்கும் தென்மேற்குக் காற்று இதுதான். இங்கே கடிகாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பெயின் கோடையில் உலகப் பொது நேரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், பார்சலோனாவில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஏறத்தாழ 2 மணிக்குத்தான். ஆகவே மாலை 5 மணி என்பது அங்கு இன்னும் வெயிலும் காற்றும் குறையாத நேரம்.

இனி, அந்த நேரத்தில் பார்சலோனெத்தாவிலிருந்து ஃபோரும் வரை ஓடித் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வேகம் நொடிக்கு 3 மீட்டர், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம். கர்பி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. காற்றின் தடை, உடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கு, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு ஏற்ப வளர்கிறது. காற்றே இல்லாத நாளில் அவரை எதிர்க்கும் விசை, நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு, ஏறத்தாழ 2.4 நியூட்டன் மட்டுமே. வடகிழக்காகப் போகும்போது கர்பி முதுகில் வீசுவதால் அவருக்கு ஒரு நியூட்டன் அளவுக்கு உந்துதல் கிடைக்கிறது. திரும்பும்போதோ 3-உம் 5-உம் கூடி 8 ஆகிவிடுகிறது; தடை 17 நியூட்டனைத் தாண்டுகிறது. முதல் பாதியில் மிச்சப்பட்டது சுமார் மூன்றரை நியூட்டன். இரண்டாம் பாதியில் கூடுதலாகக் கொடுத்தது ஏறத்தாழ 15 நியூட்டன். வேகத்தின் இருமடி என்ற ஒரே காரணத்தால் பின்காற்றின் உதவி ஒருபோதும் எதிர்க்காற்றின் தண்டனையை ஈடுகட்டுவதில்லை.

பின்காற்றுக்கு இன்னொரு குறையும் உண்டு. வெப்பநாட்டு வாசகர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேற்சொன்ன வேகத்தில் ஓடும்போது அவர் உடல் ஏறத்தாழ 750 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது; அதில் 600 வாட் அளவு வெறும் வெப்பமாகவே மாறுகிறது. வியர்வை ஆவியாவதன் மூலம் மட்டும் இதை வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு ஏறக்குறைய 0.9 லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியாக வேண்டும். ஆவியாதலுக்குத் தோலின் மேல் நகரும் காற்றும் தேவை, சுற்றியுள்ள காற்றில் நீராவி குறைவாக இருப்பதும் தேவை. பின்காற்றின் வேகமும் ஓட்ட வேகமும் ஒத்துப்போனால், உடலைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்பது போலாகிவிடும். வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழிந்து சொட்டும். அப்படிச் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. கடற்காற்று வெப்பநிலையைத் தணித்தாலும் நீராவியைச் சுமந்து வருவதால், ஆகஸ்டு மாதத்தில் 28 டிகிரி என்று வெப்பமானி காட்டும் பிற்பகல், உடலுக்கு அதைவிடக் கடினமாகவே இருக்கிறது. பிற்பகலில் ஓடியே ஆக வேண்டும் என்பவர் மெட்ரோவில் ஃபோரும் வரை சென்று, அங்கிருந்து நகர மையத்தை நோக்கி ஓடத் தொடங்குவது நல்லது. புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே எதிர்க்காற்றைச் சந்திக்கலாம். அந்தக் காற்றே உடலைக் குளிர்விக்கவும் செய்யும்.

நடைபாதையை விட்டு மணலில் இறங்கி ஓடுபவர்களும் உண்டு. உறுதியான தரையில் ஓடும்போது குதிகாலின் மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் நீண்டு ஆற்றலைச் சேமித்து, காலை உந்தும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. தளர்ந்த மணலில் கால் அழுத்தும் ஆற்றல் மணல் துகள்களைத் தள்ளுவதிலேயே கரைகிறது. தசைகளும் திறன் குறைந்த முறையில் வேலை செய்ய நேர்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உறுதியான தரையைவிட மணலில் ஓட 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. அலை நனைத்துவிட்டுச் சென்ற இறுகிய ஈரமணல் எளிதாக இருந்தாலும், அங்கே கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் நெடுந்தூரம் ஓடுவது மூட்டுகளுக்கு உகந்ததல்ல.

துறைமுகத்தின் அருகே தனித்து எழும் மொஞ்சுயிக் குன்று, உயரம் ஏறத்தாழ 180 மீட்டர். கோட்டையும் தோட்டங்களும் ஒலிம்பிக் அரங்கும் அதன் மேல் இருக்கின்றன. 1992 ஒலிம்பிக் மாரத்தான், வடகிழக்கே கடலோர ஊரான மதாரோவில் தொடங்கி, கரையை ஒட்டி நகருக்குள் நுழைந்து, இந்தக் குன்றின் மேலுள்ள அரங்கில் முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் அளவில் ஓடிக் களைத்த கால்களுக்கு முன்னால் ஒரு குன்றை வைத்த அந்தப் பாதையைப் போலக் கடுமையானவை ஒலிம்பிக் வரலாற்றில் குறைவு என்றே எண்ணுகிறேன். தென்கொரியாவின் ஹுவாங் யங்-சோவும் ஜப்பானின் மொரிஷிதா கொய்ச்சியும் கடைசிக் கட்டம் வரை ஒன்றாகவே ஓடிவந்தார்கள். மொஞ்சுயிக்கில்தான் ஹுவாங் பிரிந்து முன்னேறி, 2 மணி 13 நிமிடம் 23 நொடியில், 22 நொடி இடைவெளியில் வென்றார்.

ஏற்றம் எவ்வளவு கேட்கிறது என்பதை மிகத் துல்லியமாக அளந்தவர்களுள் இத்தாலியரான ஆல்பெர்த்தோ மினெத்தியின் குழு குறிப்பிடத்தக்கது. 2002-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மலையோட்டத்தில் தேர்ந்தவர்களைச் சாய்வை மாற்றக்கூடிய ஓடுபொறியில் ஓடவிட்டு, அவர்கள் உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். சமதரையில் ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் தூரம் கொண்டுசெல்ல ஏறத்தாழ 3.5 ஜூல் ஆகிறது. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், அவர்கள் தந்த சமன்பாட்டின்படி, அது 6 ஜூலாக உயர்கிறது. அதே சாய்வில் இறங்கும்போது 2 ஜூலுக்குச் சற்று அதிகம். இரண்டையும் கூட்டினால் 8 ஜூலைத் தாண்டுகிறது. சமதரையில் ஏழு ஜூலில் முடிந்திருக்கும். சாய்வு இருமடங்கானால் இழப்பு இன்னும் வேகமாகப் பெருகி, சமதரையைப் போல ஒன்றரை மடங்கையும் கடந்துவிடுகிறது. இறக்கம் மிக எளிதாக இருப்பது நூற்றுக்கு இருபது என்ற சாய்வை ஒட்டித்தான். அதைவிடச் செங்குத்தானால் செலவு மீண்டும் ஏறத் தொடங்குகிறது, ஏனெனில் உடல் உருண்டுவிடாமல் தடுப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது.

ஏறும்போது சேர்த்த உயர ஆற்றல் இறங்கும்போது எங்கே போகிறது? தசைக்குள் வெப்பமாகப் போகிறது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. இவ்வகை இயக்கத்துக்கு ஆக்சிஜன் குறைவாகவே தேவைப்படுவதால் ஓடும்போது சிரமம் தெரிவதில்லை. ஆனால் இழுவிசை தாங்காமல் தசை நார்களுக்குள் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றின் வலி அன்று தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து, படிக்கட்டில் இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொள்ள வைக்கும். சில வாரங்கள் சிறிது சிறிதாக இறக்கத்தில் பழகினால் தசை தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்பதால், மொஞ்சுயிக்கை முதல் நாளே மேலும் கீழுமாகப் பலமுறை ஓடிப் பார்க்காமல் இருப்பது நலம்.

இந்த இழப்புகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொண்டு மலை மேலிருந்து கடலைப் பார்த்தபடி ஓட முடியுமா என்று கேட்டால், முடியும். கொல்செரோலாவின் கடல் நோக்கிய சரிவில், உயரம் அதிகம் மாறாமல் மலையின் வளைவுகளை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் மண்சாலை, ஏறத்தாழ ஒன்பது பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள கரெதெரா தெ லெஸ் ஐகுவெஸ். நகரத்துக்கான குடிநீர்க் குழாய்களை ஒட்டி அமைந்த பாதை அது. குழாயில் நீர் சீராக ஓட வேண்டுமானால் தேவையில்லாத ஏற்றத்தாழ்வு கூடாது. ஆகவே பள்ளம் வந்தால் இறங்காமல் உள்வளைந்தும், முகடு வந்தால் ஏறாமல் வெளிவளைந்தும் சமவுயரக் கோட்டைப் பின்பற்றுகிறது. நீருக்காகச் செய்த அந்தச் சிக்கனம் ஓடுபவரின் தசைக்கும் அப்படியே பொருந்திவிடுகிறது. மலையடிவாரத்திலிருந்து வல்விட்ரேராவுக்கு ஏறும் இழுவை ரயில் நடுவழியில் இப்பாதையின் பெயரிலேயே உள்ள நிலையத்தில் நிற்பதால், உயரம் ஏறும் செலவையும் ரயிலிடமே விட்டுவிடலாம்.

அப்பாதையின் ஒவ்வொரு வெளிவளைவிலும் நகரம் முழுவதும் கண்முன் விரிகிறது. 1859-இல் பொறியாளர் இல்தெபோன்ஸ் செர்தா வகுத்த சதுரத் தெருக்கட்டங்களும், அவற்றின் நடுவே எழும் சக்ராதா பமீலியா தேவாலயத்தின் கோபுரங்களும், அப்பால் மொஞ்சுயிக்கும், அதற்கும் அப்பால் கடலும் தெரிகின்றன. உள்வளைவுகளில் காற்று தடைபட்டு ஒரே புழுக்கமாக இருக்கும். வெளிவளைவுக்கு வந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். பாதை திசை மாறிக்கொண்டே இருப்பதால் எந்தக் காற்றும் நெடுநேரம் எதிர்த்து நிற்பதில்லை. உயரம் காரணமாக ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.65 டிகிரி வெப்பம் குறைகிறது. இச்சரிவு தென்கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயில் நேராக விழும், நிழலும் குறைவு. கோடையில் இங்கே மாலை நேரமே உகந்தது, கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் பாதை முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும்.

நான்காவது பாதை பெசோஸ் ஆற்றங்கரை. ஐரோப்பாவின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாக இருந்த இது, மீட்டெடுக்கப்பட்டுப் புல்வெளியும் நாணலும் நாரைகளுமாக மாறியிருக்கிறது. பாதை மட்டமானது, போக்குவரத்தும் இல்லை. ஆனால் அது வெள்ளம் செல்லும் வழிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. கோடை முழுவதும் வெப்பத்தைச் சேமித்த கடல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிலத்தைவிட மெதுவாகவே குளிர்கிறது. அப்போது மேலே குளிர்ந்த காற்று வந்தால், வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் ஈரக்காற்று கரையோர மலைகளில் ஏறிக் குறுகிய நேரத்தில் பெருமழையாகக் கொட்டுகிறது. மழை நகரத்தில் விழாமல் மலைக்குப் பின்னால் மட்டும் பெய்தாலும் ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். இதற்காகவே அறிவிப்புப் பலகைகளும் ஒலிபெருக்கிகளும் வைத்து, ஆபத்து எனத் தெரிந்ததும் ஆற்றுப்பூங்காவை மூடிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அங்கு ஓடுபவர்கள் காதில் இசைக்கருவி மாட்டாமல் ஓடுவதும், ஒலிபெருக்கி எச்சரித்தவுடன் அருகிலுள்ள சரிவுப்பாதை வழியாகக் கரையேறுவதும் அவசியம்.