சுழியோட ஜக்கெட் எடுக்கிறீர்களா? வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி எடுக்காதீர்கள்

பாசிக்குடாவில் பருவம் தொடங்கி இன்னும் சூடு பிடிக்கவில்லை, அதற்குள் அதே காட்சி. சிலிண்டரை முதுகில் கட்டவும் காற்றை நிரப்பி மிதக்கவும் சுழியோடிகள் போடுகிற ஜக்கெட் இருக்கிறதே, அதுதான்: ஐம்பத்தைந்து கிலோ உடம்பில் எக்ஸ்எல். கரையில் நின்று படம் எடுக்கும்போது வடிவாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் இறங்கிக் காற்றை நிரப்பினதும் ஜக்கெட் மட்டும் மிதக்கிறது, ஆள் அதற்குள் தொங்குகிறார். தோள்பட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில், நாடி ஜக்கெட்டுக்குள் புதைந்து, வாய் சரியாகத் தண்ணீர் மட்டத்தில். அலை ஒன்று அடித்தால் ஒரு மிடறு உள்ளே.

கேட்டால் இரண்டு பதில்தான். ஒன்று, "லூசா இருந்தாத்தானே சேர் சுகம், இறுக்கினா மூச்சு முட்டும்." மற்றது, "பெரிசு எண்டா காத்துக் கூடப் பிடிக்கும்தானே, பாதுகாப்பு." இந்த இரண்டு வசனத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவதை முதலில் எடுப்போம். பிசிடி என்கிற இந்த ஜக்கெட்டின் வேலை உங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போவதல்ல. சுழியோடும் நேரத்தில் கூடிக் குறைகிற ஒரு சின்ன நிறையைச் சமப்படுத்துவதுதான். 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் காற்று என்றால் 2200 லீற்றர். லீற்றருக்கு 1.2 கிராம் வைத்தால் 2.6 கிலோ. (காற்றுக்கு நிறை இருக்கிறது என்றால் சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) 50 பாரோடு திரும்பும்போது அதில் 2 கிலோ மூச்சாகப் போய்விடும். எங்கட கடலுக்கு 3 மில்லிமீற்றர் வெட்சூட் (சுழியோடுகிற இறப்பர் உடுப்பு) தாராளம். அது ஆழத்தில் நசுங்குவதால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோ மிதப்புக் குறையும். ஆகத் தண்ணீருக்கடியில் 4 கிலோ தூக்கினால் சரி. மேலே வந்த பிறகு தலையை வெளியே வைத்திருக்க இன்னொரு 5 கிலோ. கொஞ்சம் கூட்டிப் பிடித்தாலும் 12 கிலோ தூக்குகிற ஜக்கெட் புதியவருக்குப் போதும்.

அப்படியென்றால் அந்த 20 கிலோ, 25 கிலோ தூக்குகிறவை யாருக்கு? ஹேர்மிஸ் என்கிற மூழ்கின கப்பலைப் பார்க்க வருகிறவர்களுக்கு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. இரட்டைச் சிலிண்டரை முதுகில் கட்டி, பக்கத்திலும் ஒன்றிரண்டு கொழுவிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அந்தத் தூக்குவலு வேண்டும். அவர்களுடைய சாமானைப் படகில் பார்த்துவிட்டு, 18 மீற்றர் வரை மட்டும் இறங்கலாம் என்கிற முதற் சான்றிதழின் மை காயாத தம்பி அதையே தேடி வாங்குகிறார். தம்பி, அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பல்கூட 18 மீற்றரைத் தாண்டித்தான் கிடக்கிறது. அதற்கே அடுத்த பயிற்சி வேண்டும்.

பெரிய ஜக்கெட் இன்னொரு நோயையும் மறைத்துவிடும். அதுதான் ஈயம், தண்ணீருக்குள் இறங்கக் கட்டிக்கொள்கிற நிறை. தடித்த பஞ்சு வைத்த ஜக்கெட் தானாகவே மிதக்கும், ஆள் இறங்கமாட்டார், உடனே "இன்னும் ரெண்டு கட்டி போடு" என்பார்கள். 4 கிலோ போதுமானவர் 8 கிலோவோடு இறங்குகிறார். அந்த மேலதிக 4 கிலோவைச் சமப்படுத்த ஜக்கெட்டுக்குள் 4 லீற்றர் காற்றை வைத்துக்கொண்டே திரிய வேண்டும். 10 மீற்றரில் இருக்கிற 4 லீற்றர், திறந்துவிடாமல் மேலே வந்தால் 8 லீற்றர். அரைவாசித் தூரம் வருவதற்கு முன்னமே ஆள் தன்பாட்டில் ஏறத் தொடங்கிவிடுவார். பதற்றத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டால் நுரையீரல் கிழியலாம் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள், திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. இது உயிர்காப்பு (லைஃப்) ஜக்கெட் அல்ல. மயங்கின ஆளை மல்லாக்கத் திருப்பி முகத்தை வெளியே வைத்திருக்கும் என்ற உத்தரவாதம் எந்தப் பிசிடிக்கும் இல்லை. படகுக்காரர்கள் உட்பட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி அந்த "லூசா இருந்தாத்தான் சுகம்." இது சாரன் அல்ல. மருதமுனைச் சாரன் ஒன்றை வீட்டில் வாப்பாவும் உடுக்கலாம், மகனும் உடுக்கலாம், இடுப்பில் ஒரு சொருகு சொருகினால் முடிந்தது. ஜக்கெட்டின் பட்டியை எவ்வளவு இழுத்தாலும் எக்ஸ்எல் எஸ் ஆகாது. பட்டி இறுகும், துணி மடியும், உள்ளே இருக்கிற காற்றுப்பை பழைய அளவில்தான் இருக்கும். முதுகில் 16, 17 கிலோச் சிலிண்டர் இருக்கிறது. ஜக்கெட் தளர்ந்தால் நீங்கள் ஒரு பக்கம் சரியும்போது சிலிண்டர் மறுபக்கம் உருளும், அது உங்களையும் இழுத்துத் திருப்பும். மூச்செடுக்கிற ரெகுலேற்றர் வாயில் இழுபடும். காற்றுத் திறக்கிற கயிறு இடுப்புக்கருகே இருக்க வேண்டியது, நழுவி முதுகுக்குப் பின்னால் போய்விடும், கை தேடித் தேடிக் களைக்கும். காற்று எப்போதும் ஆக உயர்ந்த இடத்தில்தான் நிற்கும். மடிந்த துணிக்குள் அது ஒளிந்துகொண்டால் ஜக்கெட்டின் தோளில் தொங்குகிற ஹோஸை உயர்த்தி, அதன் நுனிப் பட்டனை எவ்வளவு அமத்தினாலும் வெளியே வராது. "பட்டன் வேலை செய்யல்ல" என்று வருகிற ஜக்கெட்டுகளில் பாதிக்கு மேல் பட்டனில் ஒரு குறையும் இல்லை.

ஆமையைப் பாருங்கள். ஓடு தனியாக ஆடுமா?

மூச்சு முட்டும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து பெரிய சைஸ் அல்ல, சரியாகப் போட்டுப் பார்ப்பது. கண்ணாடிக்கு முன்னால் ரீசேட்டோடு போட்டுப் பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. வெட்சூட் போட்டுக்கொண்டு வாருங்கள். பட்டி எல்லாவற்றையும் முதலில் தளர்த்திவிட்டுப் போடுங்கள். வயிற்றுப் பட்டியை இறுக்குங்கள், பிறகு தோள், கடைசியில் நெஞ்சுப் பட்டி. எல்லாம் இறுக்கின பிறகும் இரண்டு பக்கமும் இழுக்க இடம் மிஞ்சியிருக்க வேண்டும். வயிற்றுப் பட்டியின் வெல்க்ரோ ஒன்றன்மேல் ஒன்று முழுதாக ஏறிப்போனால் சைஸ் பெரிது, நுனி மட்டும் ஒட்டினால் சிறிது. இப்போது காற்றை நிரப்புங்கள், மிகையமுக்க வால்வு "உஸ்" என்று விடும் வரை. அந்த நிலையில் நெஞ்சு நிறைய மூச்சு எடுங்கள். எடுக்க முடிகிறதா? மூச்சுக் கணக்கில் சரி. முடியவில்லையென்றால் ஒரு சைஸ் கூட்டுங்கள், அல்லது காற்று முழுக்க முதுகுப்பக்கம் நிற்கிற வகையைப் பாருங்கள். அடுத்தது, இன்னொருவர் தோள்பட்டி இரண்டையும் பிடித்து மேலே தூக்கட்டும். இரண்டு விரல் அகலம் நகரலாம். காதுவரை வந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு காற்று நிரப்புகிற பட்டன், திறக்கிற பட்டன், தோள் கயிறு, இடுப்புக் கயிறு நான்கையும் தொடுங்கள். தடவித் தேட வேண்டியிருந்தால் அது உங்களுடைய ஜக்கெட் அல்ல.

தோள் நோகிறது என்று சொல்லித்தான் பலர் நல்ல ஜக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கரையில் 17 கிலோ தொங்கினால் யாருக்குத்தான் நோகாது? தண்ணீருக்குள் அந்தப் பாரம் இல்லை. அக்குளில் வெட்டுகிறதா, இடுப்பெலும்பில் குத்துகிறதா, மேலே பார்த்தால் பின்தலை வால்வில் இடிக்கிறதா என்பதைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஜக்கெட் காரணமல்ல, சிலிண்டரைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டினால் தீரும். சிலிண்டர்ப் பட்டியை நனைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். காய்ந்த நைலோன் தண்ணீரில் இளகும், நடுக்கடலில் சிலிண்டர் நழுவும்.

தங்கச்சிமாருக்கு. ஆண்களுக்கு வெட்டின ஜக்கெட் பெரும்பாலும் உடம்பு நீளம் கூடியது, இடுப்பில் முட்டிக்கொண்டு மேலே ஏறும். பெண்களுக்கென்று வெட்டினது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தோள் பக்கிள் சுழல்கிற மாதிரியாக எடுங்கள். நீளமான நீச்சலுடை அணிகிறவர்கள் அதன் மேற்சட்டையைத் தட்டையாக இழுத்துவிட்டு, அதற்கு மேலேதான் வயிற்றுப் பட்டியைக் கட்ட வேண்டும். தொங்கும் துணி ஈயப் பட்டியின் பக்கிளை மூடக்கூடாது. தலைத்துணியின் நுனி காற்றுத் திறக்கிற வால்வுக்குள் சிக்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும். உடை தடையல்ல, கட்டுகிற ஒழுங்குதான் முக்கியம்.

ஈயம் எவ்வளவு? ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் சரியாக இருந்த நிறை கடலில் கிட்டத்தட்ட 2 கிலோ போதாமல் போகும், உப்புத் தண்ணீர் கூடத் தூக்கும். பாசிக்குடாவில் கழுத்தளவுத் தண்ணீருக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும், அதைப் பயன்படுத்துங்கள். ஜக்கெட்டை முழுதாக வெறுமையாக்கி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை அசைக்காமல் நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். சிலிண்டர் 50 பாரில் இருக்கும்போது பார்ப்பது சரியான கணக்கு. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தை ஜக்கெட் பையில் வைக்கிறவர்கள் பையின் பூட்டு "டக்" என்று விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். தேய்ந்த வெல்க்ரோவை நம்பி ஒரு பையை நடுவில் தவறவிட்டால் அந்த இடத்திலிருந்து மேலே வீச்சுத்தான்.

வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய ஜக்கெட் மலிவாக வருகிறது என்று பாய்கிறீர்களே, வாங்கமுதல் ஒரு இரவு தாருங்கள் என்று கேளுங்கள். முழுதாக ஊதி வைத்து, காலையில் தொய்ந்திருந்தால் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிற இடத்தைப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே உப்புக் கல் கலகலக்கும். ஹோஸ் பொருத்தின பட்டியை இழுத்துப் பாருங்கள். நிரப்புகிற பட்டனை அமத்தி விட்டதும் காற்று அந்தக் கணமே நிற்க வேண்டும். மெல்லிய சீறல் மிஞ்சினால் அந்தப் பட்டன் ஒருநாள் திறந்தபடியே இறுகும். அப்படி இறுகினால் ஒரு கையால் தோள் கயிற்றை இழுத்துக் காற்றை விட்டபடி, மறுகையால் சிலிண்டரிலிருந்து காற்றுக் கொண்டுவருகிற ஹோஸின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுங்கள். இதைக் கரையில் பத்துத் தரம் செய்து பழகுங்கள், கை குளிர்ந்து வழுக்கும்போது பதினோராவது தரம் தானாக வரும்.

பட்டன் இறுகுவதற்குக் காரணம் உப்பும் மணலும்தான். வெளியே வாளித் தண்ணீரை ஊற்றினால் கழுவினதாகாது. ஹோஸ் வழியாகக் காற்பங்கு நல்ல தண்ணீர் விட்டு, ஊதி, தலைகீழாகக் குலுக்கி, ஒவ்வொரு வால்வு வழியாகவும் வடியவிடுங்கள். பிறகு பாதிக் காற்றோடு நிழலில் தடித்த கொழுவியில் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும்தான், அடுத்த பருவத்துக்குள் துணியும் மொறுமொறுத்துவிடும்.