ஊட்டி ரோட்ல ஓடப்போற ரெப்ளிகாவுக்கு எந்த இன்ஜின்?

லோட்டஸ் செவன்ங்கற பழைய பிரிட்டிஷ் குட்டி ஸ்போர்ட்ஸ் காரோட ரெப்ளிகாவை, அதாவது அதே மாதிரி செஞ்ச நகல் வண்டியை, குன்னூர்ல வச்சு ரெடி பண்றவங்க முதல்ல கேக்கறது எத்தனை ஹெச்பின்னுதான். அந்த ஹெச்பி கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உசரம், அங்க காத்தழுத்தம் கடற்கரையில இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம்தான், பிஸ்டன் ஒவ்வொரு தடவை இழுக்கற காத்தும் அந்த அளவுக்குக் கொறையும், காத்து கொறைஞ்சா ஆக்சிஜன் கொறையும், எரியற பெட்ரோலும் கொறையும், அதனால டர்போ (காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளற கருவி) இல்லாத இன்ஜின்ல அஞ்சுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல பவர் காணாமப் போயிடும். 80 ஹெச்பி இன்ஜின் ஊட்டி சேரிங் கிராஸ் வந்து சேரும்போது 62, 63தான்.

கார்புரேட்டர்னா இன்னொரு தலைவலி. பெட்ரோல் வர்ற ஜெட்டோட ஓட்டை மாறாது, காத்து மட்டும் லேசாகுது, ஆக பெட்ரோல் கூடிப்போகும். பிளக்கைக் கழட்டிப் பாருங்க, முனையில கரிப்பொடி தடவுன மாதிரி கறுப்பா வறண்டு கிடக்கும். சின்ன ஜெட் போட்டா மலையில சரியாகும், அதே வண்டியில கோயம்புத்தூர் இறங்குனா லீனா, அதாவது பெட்ரோல் பத்தாம, ஓடி சூடேறும். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் தெளிக்கற) இன்ஜின்ல சென்சாரைப் பார்த்து ஈசியுங்கற கம்ப்யூட்டர் தானாவே பெட்ரோலைக் கொறைச்சுக்கும், அதனால மலைக்கு நான் கார்புரேட்டரை சிபாரிசு பண்ணவே மாட்டேன்.

டர்போ இன்ஜின் வச்சா உசரத்துல பவர் பெருசா போகாது, ஆனா இங்க கிடைக்கற சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் முன்சக்கர வண்டிக்குக் குறுக்கால வைக்கறது, செவன் சேஸிஸ்ல நீளவாக்குல உக்கார வச்சு பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்க கியர்பாக்ஸ் தேடி அலையணும்.

என் ஓட்டு மாருதி ஜிப்ஸி ஜீப்போட 1.3 லிட்டர் 16 வால்வ் இன்ஜினுக்குத்தான். அலுமினிய பிளாக், எடை கம்மி, ஏற்கெனவே நீளவாக்குல உக்காந்திருக்கு, முக்கியமா அதுல நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிச்சுக் கொடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டாம தனியா தொங்குது, அதைக் கழட்டிட்டு கியர்பாக்ஸ்ல இருந்து நேரா பின் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் போட்டுக்கலாம். ஒரு குறை இருக்கு, உச்ச டார்க் (சுத்தற விசை) 103 நியூட்டன் மீட்டர் 4,500 ஆர்பிஎம்லதான் வருது. ஊட்டிக்கு ஏறற கல்லட்டி ரோட்ல இருக்கற 36 கொண்டை ஊசி வளைவுலயும் செகண்ட் கியர்ல வெளிய வரும்போது ஆர்பிஎம் முள் 2,000 பக்கத்துல தடுமாறும். அறுநூறு கிலோ வண்டிங்கறதால சமாளிக்கும், கூடவே பின் ஆக்ஸில் பல் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சா இன்ஜின் சீக்கிரமே 3,000 தாண்டிடும், இறக்கத்துல இன்ஜின் பிரேக்கிங்கும் நல்லா பிடிக்கும்.

இன்ஜின் மாத்தறதுக்கு முன்னாடி ஆர்டிஓ அனுமதி வாங்கிடுங்க, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைத்தான் சொல்லுது.